மச்சினனின் நிறம்

என் மகளுக்குக் காதுகுத்து அவளுடைய ஐந்தாவது வயதில்தான் நடந்தது. அதுவும் பாதிதான் நடந்தது. மூன்று வயதிலேயே முடித்திருக்க வேண்டியது. ஆனால் தாய்மாமன் குவைத்தில் இருந்தான். என் மனைவிக்கு அவன் ஒரே தம்பி. ஒன்றுவிட்ட தம்பிகளுக்குப் பஞ்சமே இல்லை. இலுப்பூர் கடைவீதியில் தடுக்கி விழுந்தால் அவர்களில் ஒருவர் மேல்தான் விழ வேண்டும். யாராவது ஒருவர் மடியில் பிள்ளையை உட்காரவைத்துக் காரியத்தை முடித்துவிடலாம் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அன்றைக்குச் சோற்றுத் தட்டு என் முன்னால் வைக்கப்பட்ட சத்தமே வேறு மாதிரி இருந்தது. அதன் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவனுக்கு இரண்டு முறை லீவு கிடைப்பதுபோல் வந்து கிடைக்காமல் போனது. கடைசி முறை பத்திரிகை அடித்து, ஊரெல்லாம் கொடுத்து முடித்த பிறகு ரத்தானது. போனில் செய்தியைக் கேட்ட என் மனைவி அழவில்லை. அவள் அழாவிட்டால் எனக்கு வேலை வரப்போகிறது என்று அர்த்தம்.

"எந்தம்பி மடியிலதான் குத்தணும். எப்படியாவது பண்ணுங்க" என்றாள்.

நான் மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியன். பள்ளிக்கு புரொஜெக்டர் வந்தபோது தலைமை ஆசிரியர் சுற்றிலும் பார்த்தார். சும்மா நின்றிருந்தவன் நான். பொறுப்பு என் தலையில் விழுந்தது. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் வயர் உள்ள பொருள் எதுவானாலும், மிக்சி உட்பட, என்னைக் கேட்டுத்தான் பழுதாகும். அந்த எரிச்சலில் கிண்டலாகச் சொன்னேன்: "மண்டபத்துச் சுவத்துல உன் தம்பிய ஆள் உயரத்துக்குப் படமா காட்டுறேன். அவன் அங்கிட்டு நாற்காலியில உக்காரட்டும். முன்னால ஸ்டூலப் போட்டு பாப்பாவ உக்கார வச்சா மடியில இருக்கிற மாதிரியே இருக்கும்."

"சரி, செய்ங்க" என்றாள்.

கிண்டல் என்று விளக்குவதற்கான நேரம் அதற்குள் கடந்துவிட்டது.

எங்கள் வீட்டுக் காதுகுத்து எப்போதும் நார்த்தாமலைப் பக்கம் உள்ள குலதெய்வக் கோயிலில்தான் நடக்கும். அங்கே கிடா வெட்டலாம், பொங்கல் வைக்கலாம், சிக்னல் மட்டும் கிடைக்காது. ஆகவே சாமியிடம் முன்கூட்டியே போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு, இலுப்பூரில் சின்னதாக ஒரு மண்டபத்தைப் பிடித்தோம். புதுக்கோட்டையில் ஒரு வீடியோ கடையிலிருந்து புரொஜெக்டரை வாடகைக்குக் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தவருக்கு அன்று இன்னொரு முகூர்த்தமும் இருந்தது. மிஷினை மேசைமேல் வைத்து, என் லேப்டாப்போடு இணைத்து, ரிமோட்டை என் கையில் திணித்துவிட்டு, "எல்லாம் ஆட்டோமேட்டிக் சார்" என்று சொல்லிப் போய்விட்டார். இந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போன யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

முகூர்த்தம் காலையில் என்பதால் மண்டபத்தில் வெயில் கொட்டியது. ஜன்னல்களில் எல்லாம் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டு இருட்டாக்கினோம். வந்த உறவினர்கள் வாசலில் தயங்கி நின்று, கரண்ட் போய்விட்டதா என்று விசாரித்துவிட்டு, செல்போன் வெளிச்சத்தில் நாற்காலி தேடி உட்கார்ந்தார்கள்.

மாமன் சீரை மாமன் இல்லாமல் அவன் மனைவி கொண்டுவந்தாள். பொன்னமராவதியில் அவள் அம்மா வீட்டோடு இருந்து, ஒரு நர்சரிப் பள்ளியில் பாடம் நடத்துகிறாள். என்னை அண்ணே என்று கூப்பிடுவாள். அதிகம் பேச மாட்டாள். தட்டுத் தட்டாகப் பழம், பட்டுப்பாவாடை, தோடு எல்லாவற்றையும் மேடையில் இறக்கிவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். புருஷனைப் பார்த்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. போனில் தினமும் பார்ப்பாள்தான். உள்ளங்கை அகலத்துக்குப் பார்ப்பதும் பார்ப்பதுதான் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நான் அழைப்பைப் போட்டேன். சுவரில் மச்சினன் வந்தான். நாற்காலியில், வேட்டி சட்டையோடு, நெற்றியில் விபூதியோடு, நிஜ ஆள் அளவுக்கு உட்கார்ந்திருந்தான். மண்டபமே "ஆங்" என்றது. என் மாமியார் எழுந்தே நின்றுவிட்டார். அப்புறம்தான் எல்லோரும் கவனித்தார்கள். அவன் மஞ்சளாக இருந்தான். மஞ்சள் பூசிக் குளித்துவிட்டுத் துடைக்க மறந்தவன் போல இருந்தான்.

"என்ன மச்சான், நல்லாத் தெரியிறேனா?" என்று ஸ்பீக்கரில் கேட்டான்.

"தெரியிற மாப்ள. கொஞ்சம் மஞ்சளா இருக்கு."

"ரூம்ல மஞ்ச பல்பு மச்சான். அதான்."

இதை அவன் கொஞ்ச நாளாகவே சொல்லிவந்தான். போனில் யார் கேட்டாலும் மஞ்ச பல்புதான். அந்த மண்டபத்துச் சுவரும் சந்தன நிறத்தில் இருந்தது. அங்கே பல்பு, இங்கே சுவர். நடுவில் இருப்பது வாடகை புரொஜெக்டர். மூன்று பேர் மேல் சந்தேகம் இருக்கும்போது நாலாவது ஒருவனை யார் நினைப்பார்கள்?

நான் மெனுவைத் திறந்தேன். படம் விழும் சுவர் என்ன நிறம் என்று கேட்கும் ஒரு வசதி அதில் இருந்தது. வெள்ளை, இளமஞ்சள், ரோஸ், கரும்பலகை என்று வரிசையாக இருந்தவற்றில் இளமஞ்சளை அமுக்கினேன். பளிச்சென்று மாறியது. அவனுக்குப் பின்னால் இருந்த சுவர் தெளிந்தது, வேட்டி வெளுத்தது, நெற்றியில் விபூதி விபூதியாகவே ஆனது. முகம் மட்டும் அப்படியே இருந்தது. அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும். ஆனால் எல்லோரும் முகத்தைத்தான் பார்த்தார்கள், நானும்தான்.

"இன்னும் மஞ்சளாத்தான் இருக்கான். சரியாப் பாத்து வைங்க மாப்பிள்ள. எம்புள்ள நல்ல செவப்பு" என்றார் மாமியார்.

"யாரு செவப்பு?" என்று பின்வரிசையில் இருந்து பெரிய மாமனார் கேட்டார். "அவன் மாநிறம். சின்ன வயசுலேருந்து பாக்குறேன்."

"கல்யாணத்தப்பப் பாக்கலயாக்கும்?"

"அது பவுடரு."

பேச்சு முற்றியது. யாரோ போனில் கல்யாண ஆல்பத்துப் படத்தை எடுத்துவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார்கள். அதை வைத்துச் சரிபார்க்க வேண்டுமாம். கல்யாண போட்டோகிராபர் ஏற்கெனவே மாப்பிள்ளை, பொண்ணு, ஐயர், அக்கினி நாலையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் முகூர்த்த நேரத்தில் ரிமோட் வைத்திருப்பவன் கோபப்பட முடியாது. கலர் டெம்பரேச்சரைக் குளிர்ச்சிப் பக்கம் தள்ளினேன். நீலத்தை ஏற்றினேன். ஏற்ற ஏற்ற முகத்தில் இருந்த மஞ்சள் கரைந்தது. "இன்னும் கொஞ்சம்", "போதும் போதும்", "ஒரு சொட்டு குறைங்க" என்று குழம்புக்கு உப்புப் பார்ப்பதுபோல் நாலாபக்கமிருந்தும் குரல் வந்தது. கடைசியில் மாமியார் சொன்ன சிவப்புக்கும் பெரிய மாமனார் சொன்ன மாநிறத்துக்கும் நடுவில் ஒரு நிறத்துக்கு எல்லோரும் வந்துசேர்ந்தோம். மச்சினன் அவ்வளவு ஆரோக்கியமாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

"மாமன் என்னப்பா நீல வேட்டி கட்டியிருக்கான்?" என்று யாரோ கேட்டார்கள்.

"அங்கிட்டு அதுதான் கிடைக்கும்போல" என்று யாரோ பதில் சொன்னார்கள். அத்தோடு அது முடிந்தது.

என் மகளைக் கொண்டுவந்து ஸ்டூலில் உட்காரவைத்தோம். அப்போதுதான் என் திட்டத்தில் இருந்த ஓட்டை தெரிந்தது. வெளிச்சம் முன்னாலிருந்து வருவதால் மாமன் மடியும் கைகளும் அவள் மேலேயே விழுந்தன; அவளுடைய நிழல் சுவரில், மாமன் மடி இருந்த இடத்தில் விழுந்தது. பிள்ளை மடியில் உட்கார்ந்ததுபோல் இல்லை. மடிதான் பிள்ளைமேல் உட்கார்ந்திருந்தது. ஆனாலும் என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு அது போதுமாக இருந்தது. 

ஆசாரி ஊசியோடு குனிந்தார். மச்சினனின் கட்டைவிரல் என் மகளின் காதுமேல் ஊர்ந்தது.

"சார், அவரை ஆடாம இருக்கச் சொல்லுங்க" என்றார் ஆசாரி. "காது எது, வெரல் எதுன்னு தெரியல. நீங்களும் ஒரு கலர்ல நிறுத்துங்க."

நான் ரிமோட்டைக் கீழே வைத்தேன். மச்சினன் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டான். வலது காதில் ஊசி இறங்கியது. மகள் வீறிட்டாள். மண்டபம் கைதட்டியது. சுவரில் இருந்தவன், "அழுவாதடி தங்கம், மாமா வந்துட்டேன்ல" என்றான்.

இடது காதுக்கு முன்னால் அவளைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. சாக்லேட்டைப் பிரித்துக்கொண்டு ஆளாளுக்குக் கொஞ்சிக்கொண்டிருந்த அந்த இடைவெளியில் மச்சினன் மனைவி என்னிடம் வந்தாள்.

"அண்ணே, அது வெள்ளை வேட்டி."

நான் சுவரைப் பார்த்தேன். வேட்டி உஜாலாவில் முக்கியெடுத்த மாதிரி இருந்தது.

"நாந்தான் எடுத்துக் கொடுத்துவிட்டேன். பக்கத்தூர்க்காரர் ஒருத்தர் திரும்பிப் போறப்ப கொண்டுபோனார். சுத்த வெள்ளை" என்றாள். "அத வெள்ளையாக்குங்க."

"ஆக்கலாம்மா. ஆனா முகம் மறுபடி மஞ்சளாயிரும்."

"ஆவட்டும்ணே."

எனக்கு அப்போதும் புரியவில்லை. அவள் மெதுவாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். "பல்பு மஞ்சள்னா வேட்டியும்ல மஞ்சளாத் தெரியணும். சுவரு மஞ்சள்னாலும் அப்படித்தானே. முதல்ல நீங்க ஒரு பட்டனை அமுக்குனீங்க, வேட்டி வெள்ளையாச்சு. அவரு ஆகல."

 ரிமோட்டை எடுத்தேன். நீலத்தை ஒவ்வொன்றாக இறக்கினேன். யாரும் குரல் கொடுக்கவில்லை, சாக்லேட்டில் கவனமாக இருந்தார்கள். வேட்டி வெளுத்துக்கொண்டே வந்தது. விபூதி வெளுத்தது. அவை இரண்டும் வெள்ளையாக வந்து நின்ற இடத்தில் நான் நிறுத்தினேன். அந்த இரண்டு வெள்ளைக்கும் நடுவில் என் மச்சினன் மஞ்சளாக உட்கார்ந்து, பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அய்ய, திரும்பக் கெட்டுப்போச்சு. சரி பண்ணுங்க மாப்பிள்ள" என்றார் மாமியார்.

மச்சினன் மனைவி லேப்டாப்பிடம் குனிந்தாள். "என்னங்க, கிட்ட வாங்க. கீழ் இமைய விரலால இறக்கிக் காட்டுங்க."

"எதுக்கு இப்ப? பாப்பாவுக்கு அடுத்த காது குத்தட்டும்" என்றான் அவன்.

"காட்டுங்க."

அவள் குரல் உயரவில்லை.  அவன் எழுந்து கேமராவுக்கு அருகில் வந்து இமையை இறக்கினான். மண்டபத்துச் சுவரில் கதவு உயரத்துக்கு ஒரு கண் வந்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் எலுமிச்சம்பழத் தோல் நிறத்தில் இருந்தது. அதைப் பார்த்த பிறகு யாரும் அதைச் சரிபண்ணச் சொல்லவில்லை. மாமியார் இருந்த நாற்காலியிலேயே சரிந்து உட்கார்ந்தார்.

"எப்பலேருந்து?" என்று என் மனைவி கேட்டாள்.

"கொஞ்ச நாளா இருக்குக்கா. வயிறும் வலிக்குது. ஆஸ்பத்திரிக்குப் போனா உடம்புக்கு ஆகாதுன்னு எழுதி ஊருக்கு அனுப்பிருவாங்க. அப்புறம் கூப்பிட மாட்டாங்க."

"அதுக்கு?"

"தானா சரியாயிரும்னு பாத்தேன். நீங்கள்லாம் பயந்துருவீங்கன்னு மஞ்ச பல்பு வாங்கி மாட்டுனேன்."

மஞ்ச பல்பை அவன் வேண்டுமென்றே வாங்கி மாட்டியிருக்கிறான். குவைத்தில் ஒரு கடையில் போய், வெள்ளை பல்புகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு, தன் நோய்க்குப் பொருத்தமான நிறத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். நாங்கள் இங்கே உட்கார்ந்து மீதி வேலையைச் செய்துகொடுத்திருக்கிறோம்.

ஆசாரி தொண்டையைக் கனைத்தார். "நல்ல நேரம் போவுது. எடது காத குத்திடவா?"

"வேணாம்" என்றாள் என் மனைவி.

"வேணாம்னா?"

"ஒரு காது போதும். மத்தது எந்தம்பி வந்தப்பறம்."

மண்டபம் முழுக்க ஒரே நேரத்தில் பேசியது. பாதியில் நிறுத்தக் கூடாது, மூளியாகப் பிள்ளையை வைக்கலாமா, சாமி குத்தமாகிவிடும், ஊர் என்ன சொல்லும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஆசாரி, தன் தொழிலில் இதுவரை ஒற்றைக் காதோடு எழுந்து போனதில்லை என்றார். என் மனைவி பிள்ளையை ஸ்டூலில் இருந்து தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு லேப்டாப் முன்னால் போய் நின்று, இடது காதைக் கேமராவில் காட்டினாள்.

"பாத்துக்க. இது ஒன் மடிக்குத்தான் காத்துக்கிட்டிருக்கு. எப்ப வர்றியோ அப்பக் குத்துறேன். வராட்டி அவ இப்படியே பெரியவளாகட்டும்."

"அக்கா, வேல போயிரும்க்கா."

"போவட்டும்" என்றவள், அழைப்பை எப்படித் துண்டிப்பது என்று தெரியாமல் லேப்டாப்பை அப்படியே மூடினாள். சுவரில் இருந்தவன் மறைந்து சந்தன நிறம் மட்டும் மிஞ்சியது. பந்தி போட்டோம். எல்லோரும் நன்றாகவே சாப்பிட்டார்கள்.

ஒற்றைத் தோட்டோடு என் மகள் பள்ளிக்கூடம் போனாள். ஒரு தோட்டைத் தொலைத்துவிட்டாள் என்று நினைத்து வகுப்பு ஆசிரியை மேசைக்கடியில் எல்லாம் தேடியிருக்கிறார். பஸ்ஸில் கேட்டார்கள், மளிகைக் கடையில் கேட்டார்கள். "மாமா வரணும்" என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள். என் மனைவி தினமும் காலையில் அந்த மொட்டைக் காதை மட்டும் போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்புவாள். ஒரு வார்த்தையும் எழுத மாட்டாள். முதலில் அவன் சிரிக்கிற பொம்மை அனுப்பினான். பிறகு கும்பிடுகிற கை அனுப்பினான். பிறகு ஒன்றும் அனுப்பவில்லை. எனக்கே அந்தக் காதைப் பார்க்கப் பயமாக இருந்தது. பிள்ளையின் காதைப் பணயம் வைக்கிறாளே என்று ஒருநாள் அவளிடம் சத்தம் போட்டேன். "அவ காது எங்கயும் போயிராது" என்று சொல்லிவிட்டுப் போட்டோவை அனுப்பினாள்.

பிறகு ஒருநாள் காலை போட்டோ போனதும் அவனிடமிருந்து விமான டிக்கெட்டின் படம் வந்தது.

திருச்சி விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வராமல் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப்போனோம். பித்தப்பைக் கல் இறங்கிவந்து குழாயை அடைத்திருந்தது. கிருமி ரத்தத்தில் கலக்கத் தொடங்கியிருந்தது. கல்லை எடுத்த டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, இன்னும் கொஞ்சம் தள்ளிப்போட்டிருந்தால் ஆளைத் தந்திருக்க முடியாது என்றார். நான் அதை அவன் மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு வராந்தாவின் கோடிவரை நடந்து போனாள். அங்கே சுவரைப் பார்த்து நின்று அழுதுவிட்டுத் திரும்பி வந்தாள்.

பித்தப்பையையும் எடுத்தார்கள். அவன் வீட்டுக்கு வந்து, கஞ்சியிலிருந்து சோற்றுக்கு மாறியதும், என் மனைவி ஆசாரிக்கு ஆள் விட்டாள். மண்டபம் இல்லை, பத்திரிகை இல்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு அவனை உட்காரவைத்தோம். ஆள் பாதியாகியிருந்தான். என் மகள் ஏறி மடியில் உட்கார்ந்ததும் அவன் முகம் சுருங்கியது. வயிற்றில் தையல் போட்ட இடம் அவனுக்கு இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. "எறக்கவா?" என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தான்.

"இறுக்கிப் புடிங்க. தலை ஆடக் கூடாது" என்றார் ஆசாரி.

அவன் பிடித்தான். கையில் பலமில்லை. பிள்ளை ஒரு திமிறு திமிறினாள், பிடி கழன்றது. அவன் மனைவி பின்னால் வந்து நின்று, அவன் கைகளின் மேல் தன் கைகளை வைத்து அழுத்தினாள். ஊசி இறங்கியது. மகள் வீறிட்டு, காலை உதைத்து, தலையை அவன் நெஞ்சில் இடித்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"ஆச்சு" என்றார் ஆசாரி. தோட்டை முடுக்கிவிட்டு, சந்தனத்தைத் தொட்டு வைத்தார். "விடலாம்."

அவன் மனைவி கையை எடுத்துக்கொண்டாள். அவன் எடுக்கவில்லை. ஆசாரி பெட்டியைக் கட்டினார், வெற்றிலை பாக்குத் தட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினார். என் மகள் அழுகையை நிறுத்தி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவனை அண்ணாந்து பார்த்தாள்.

"மாமா, குத்தியாச்சு. விடு."

அவன் விடவில்லை. நாங்களும் விடச் சொல்லவில்லை.